கரும்பலகையும் செக்ரோல் புத்தகமும்: எக்செலுக்கும் அக்செஸுக்கும் ஒரே ஆபீஸில் என்ன வேலை?

தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீஸில் நான் இளைய கிளார்க்காக இருந்தபோது, ஒரு பத்தாம் திகதி மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே ஒரு அம்மா சம்பளச் சீட்டை நீட்டியபடி நின்றார். "ஐயா, நா ஒரு நாளைக்கு ஏழு கிலோ எடுக்கிறவளா? மலையில போய்க் கேட்டுப் பாருங்க" என்றார். கேட்கவே தேவையில்லை. மழை நாளிலும் இருபது கிலோவுக்குக் குறையாமல் கொழுந்து நிறுப்பவர் அவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள், எல்லோர் கையிலும் வேறு யாருடையதோ கிலோ.

தப்பு என்னுடையதுதான். முந்தின இரவு பெயர்களை அகர வரிசையில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எக்செல் தாளில் பெயர் நிரலை மட்டும் தெரிவு செய்து வரிசைப்படுத்தினேன். பக்கத்து நிரல்களையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் ஒரு கேள்வி கேட்கும். தூக்கக் கலக்கத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். பெயர்கள் இடம் மாறின, கிலோக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு பல ஆபீஸ்களில் கொம்பியூட்டர் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன். தோட்டம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, கடை என்று எங்கு போனாலும் இதே தப்பு வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. அது கவனக்குறைவு மட்டுமென்றால் ஒரு அதட்டலோடு முடிந்திருக்கும். எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

எக்செல் போன்ற விரிதாள்கள் பிறந்த கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1978இல் டான் பிரிக்லின் ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவார். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். தானாகவே திருத்திக்கொள்ளும் ஒரு கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையில் பிறந்ததுதான் விசிகால்க். பாப் பிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் அதை ஆப்பிள் கணினிக்கு வெளியிட்டார்கள். 1983இல் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் வந்தது. எக்செல் 1985இல் மெக்கின்டோஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. மூன்றும் அந்தக் கரும்பலகையின் வாரிசுகள்.

தகவலைப் பதிந்து வைத்துத் தேடி எடுக்கும் தரவுத்தளத்தின் வம்சம் வேறு. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற கணிதக்காரர் 1970இல் எழுதிய கட்டுரையில் அதற்கு வேர் இருக்கிறது. தகவலை அட்டவணைகளாக வைப்போம், ஒவ்வொரு வரியும் ஒரு முழு உண்மையாக இருக்கட்டும், எந்த வரி எங்கே கிடக்கிறது என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரியத் தேவையில்லை என்றார் அவர். மைக்ரோசாப்டின் அக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருள் அந்த யோசனையைச் சாதாரண ஆபீஸ் மேசைக்குக் கொண்டுவந்தது 1992இல். நம் தோட்டங்களின் நிர்வாகத்தை அரசு கம்பனிகளிடம் ஒப்படைத்ததும் அதே வருடம்தான். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் எனக்கு நினைவில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, கம்பனிகளும் கொம்பியூட்டரும் வருவதற்கு முன்பு தோட்டத்து ஆபீஸில் என்ன செய்தார்கள்? மலையில், அதாவது கொழுந்து எடுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை தன் சின்னப் புத்தகத்தில் அன்றைய பேரையும் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) கிலோவையும் குறிப்பார். பின்னேரம் அது ஆபீஸுக்கு வந்து செக்ரோலில் ஏறும். செக்ரோல் என்பது ஒவ்வொரு தொழிலாளியின் நாள்வேலையையும் பதியும் பெரிய புத்தகம், மையால் எழுதுவது. அதில் அழிக்கக்கூடாது. பிழை என்றால் ஒரு கோடு கிழித்து, மேலே திருத்தி, கையெழுத்து வைக்க வேண்டும். கூட்டல், கழித்தல், சராசரி எல்லாவற்றையும் பெரிய கிளாக்கர் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் போடுவார். சம்பளம் முடிந்ததும் அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஆக, பதிந்து வைக்க ஒரு புத்தகமும் கணக்குப் போட ஒரு தாளும் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். யாரும் செக்ரோல் புத்தகத்தின் மேல் பென்சிலால் கணக்குப் போடவில்லை. கொம்பியூட்டர் வந்தபோது இரண்டையும் எக்செல் என்ற ஒரே இடத்தில் போட்டுவிட்டோம். அன்றிலிருந்து செக்ரோலே கரும்பலகையில் எழுதப்படுகிறது.

எக்செல் தாளில் செக்ரோல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இடப்பக்கம் நம்பர், பெயர். வலப்பக்கம் 1 முதல் 31 வரை நாட்கள். கட்டத்துக்குள் பேர் அல்லது கிலோ. மாதத்துக்கு ஒரு தாள், வருடத்துக்குப் பன்னிரண்டு. புத்தகத்தின் பக்கத்தை அப்படியே பார்த்து வரைந்தது, கண்ணுக்குப் பழகியது. ஆனால் ஒருத்தர் ஒரே நாளில் காலையில் 3ஆம் நம்பர் மலையிலும் மத்தியானம் 7ஆம் நம்பர் மலையிலும் கொழுந்து எடுத்தால் அந்த ஒரு கட்டத்துக்குள் என்ன எழுதுவது? "12+9" என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் 21 என்று போட்டுவிட்டு மலையை மறந்துவிடுவார். அரைப்பேருக்கு ஒரு மாதம் 0.5, அடுத்த மாதம் "அரை", அதற்கடுத்த மாதம் வெறும் கோடு. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்கு (கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் வேலைக்கு) மஞ்சள் நிறம் பூசி வைப்பார்கள். நிறத்தை எந்தச் சூத்திரம் கூட்டும்?

தரவுத்தளத்தில் அதே செக்ரோல் நீளமாக, கீழ்நோக்கிப் போகும். ஒரு ஆள், ஒரு நாள், ஒரு மலை என்றால் ஒரு வரி. அந்த வரியில் தொழிலாளி நம்பர், திகதி, மலை நம்பர், பேர், கிலோ, வேலை வகை. அவ்வளவுதான். இரண்டு மலைக்குப் போனவருக்கு இரண்டு வரி. கைக்காசு என்பது ஒரு நிறமாக இல்லாமல் வேலை வகையாகப் பதிவாகும். இந்த அமைப்பில் நான் செய்த வரிசைக் கூத்தையும் செய்ய முடியாது. ஒரு வரி என்பது பிரிக்க முடியாத ஒன்று, எப்படி அடுக்கினாலும் பெயரும் கிலோவும் சேர்ந்தே நகரும்.

நீளமாகப் போனால் வரிகள் கூடும் என்று பயப்படுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்நூறு பேர், மாதம் 26 நாள் என்றால் 13,000 வரி. வருடத்துக்கு 1,56,000. பழைய எக்செல் 2003 வகைக் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. ஐந்து மாதத்தோடு நிறைந்துவிடும். 2007க்குப் பிறகு அது 10,48,576 ஆகக் கூடியிருந்தாலும் தாள் அந்த அளவுக்குப் போகும் முன்பே ஆபீஸ் கணினி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அக்செஸுக்கு வரி எண்ணிக்கையில் வரம்பு கிடையாது, கோப்பின் மொத்த அளவு 2 ஜிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. இருபது வருடத்துப் பேர்க்கணக்கும் அதற்குள் அடங்கிவிடும்.

வரி வரம்பு ஏதோ பாடப்புத்தகச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விபரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது தெரியவந்தது. ஆய்வுகூட முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பு வழியாகக் கடத்தியிருக்கிறார்கள். கோப்பு நிறைந்ததும் மிச்சம் உள்ளே போகவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அங்கேயே அப்படியென்றால், பொகவந்தலாவையில் ஒரு கிளார்க்கை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்தது, ஆளை எதை வைத்து அடையாளம் காண்பது. பெயரை வைத்து முடியாது. ஒரே டிவிஷனில் நான்கு லெட்சுமி இருப்பார்கள். ஒரே லெட்சுமியின் பெயர் ஆங்கிலத்தில் செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது மாதிரி இருக்கும். பிறப்பைப் பதிந்தவர் ஒருவர், அட்டை எழுதியவர் இன்னொருவர், அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் அந்த ஒரு எழுத்தின் விலை தெரியும். சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம் என்று அலைய வேண்டும்.

செக்ரோல் நம்பரும் தனியாக நின்றால் போதாது. ஒருவர் விலகியதும் அதே நம்பரை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தரவுத்தளத்தில் அப்படிச் செய்தால் அம்மாவின் பழைய கணக்கும் மகளின் புதிய கணக்கும் ஒன்றாகிவிடும். ஆகவே தொழிலாளி அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் மாறாத, மறுபடி யாருக்கும் கொடுக்காத ஒரு உள் நம்பர் வேண்டும். செக்ரோல் நம்பர், அடையாள அட்டை நம்பர், சேமலாப நிதி அங்கத்துவ நம்பர், மூன்று இடத்திலும் இருக்கிறபடியே பெயர், எல்லாம் அதன் பக்கத்தில் உட்காரட்டும்.

அடையாள அட்டை நம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எக்செலுக்கும் அக்செஸுக்கும் நடுவில் அதிகம் அடிபடுவது அதுதான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. புதிய நம்பரை எக்செலின் சாதாரணக் கட்டத்தில் அடித்தால் அதை ஒரு பெரிய எண்ணாக நினைத்து, பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் வருகிற அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும். பழைய நம்பரையோ எழுத்தாக வைத்துக்கொள்ளும். இப்படிக் கலந்து கிடக்கும் தாளை அக்செஸோடு இணைத்தால், அக்செஸ் முதல் சில வரிகளைப் பார்த்து இந்த நிரல் எண்ணா எழுத்தா என்று ஊகிக்கும். மேலே இருப்பவர்கள் எல்லாம் புதிய அட்டைக்கார இளைஞர்கள் என்றால் எண் என்று முடிவு செய்துவிடும். கீழே இருக்கும் மூத்தவர்களின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பிழைக்குறி வந்து நிற்கும். பார்க்கிறவர் கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுவார். கெடவில்லை. அடிப்பதற்கு முன்பே அந்த நிரலை எழுத்து வகையாக மாற்றியிருந்தால் போதும். தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியம் காணாமல் போவதற்கும் இதுவே மருந்து. கூட்டவோ பெருக்கவோ தேவைப்படாத எந்த இலக்கமும் எழுத்துதான்.

எக்செலின் இந்த அதிகப்பிரசங்கித்தனத்துக்கு விஞ்ஞானிகளே பணிந்துபோயிருக்கிறார்கள். மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போலத் தெரிந்ததால் எக்செல் அவற்றைத் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல், பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது.

இனி இரண்டையும் எப்படிச் சேர்ப்பது. என் பதில் சுருக்கமானது: அக்செஸில் எழுது, எக்செலில் பார். அக்செஸில் ஒரு படிவம் செய்து வைத்தால், நம்பரை அடித்ததும் பெயர் தானாக வரும், மலையைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்யலாம். பேருக்கு 1, 0.5 தவிர வேறு எதையும் அது ஏற்காது. நூறு கிலோ என்று அடித்தால் "உண்மையாகவா?" என்று கேட்கும்படி வைக்கலாம். எக்செலில் டேட்டா பட்டியில் இருக்கும் கெட் டேட்டா வழியாக அந்த அக்செஸ் கோப்பைக் காட்டிவிட்டால் கணக்கு தாளுக்கு வந்து இறங்கும். அப்புறம் ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் புதிய வரிகள் சேர்ந்துகொள்ளும். எக்செல் 2016இலிருந்து இந்த வசதி கூடவே வருகிறது. பழைய, 31 நிரல் தாள்கள் வருடக்கணக்கில் கிடந்தால் இதே இடத்தில் அன்பிவட் என்று ஒன்று உண்டு. அகலத் தாளை நொடியில் நீளமாக்கும். மறுபக்கம், தோட்டத்து மேனேஜரான பெரிய துரைக்குப் பழைய செக்ரோல் பக்கம் மாதிரியே அச்சில் வேண்டும் என்றால் அக்செஸின் கிராஸ்டேப் நீளத்தைத் திரும்ப அகலமாக்கிக் கொடுக்கும்.

எதிர்த் திசையிலும் போகலாம். எக்செல் தாளை அக்செஸோடு இணைத்து, அங்கே ஒரு அட்டவணை போலப் பார்க்கலாம். ஆனால் பார்க்க மட்டுமே முடியும், திருத்த முடியாது. ஒரு காலத்தில் திருத்தவும் முடிந்தது. அது போனதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. குவாத்தமாலாக்காரரான கார்லோஸ் அர்மாண்டோ அமாடோ, விரிதாளையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் முறை ஒன்றுக்கு 1990இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். எக்செல், அக்செஸ் இணைப்பு தன் முறையை மீறுகிறது என்று மைக்ரோசாப்ட் மீது வழக்குப் போட்டார். 2005இல் அமெரிக்க ஜூரி அவருக்குக் கிட்டத்தட்ட 90 லட்சம் டொலர் கொடுக்கச் சொன்னது. அதன்பிறகு வந்த திருத்தங்களில் மைக்ரோசாப்ட் அந்தத் திருத்தும் வசதியை எடுத்துவிட்டது. பலர் இதை நட்டம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரும்பலகையில் கிறுக்கியது செக்ரோல் புத்தகத்துக்குள் திரும்பிப் போகாமல் ஒரு கதவு பூட்டப்பட்டது, அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் காப்புரிமைச் சண்டை எதுவும் இல்லாமலே நிலைமை இதுதான்: அதன் விரிதாளான கால்க்கை, தரவுத்தளமான பேஸ் வழியாகத் திறந்தால் பார்க்கத்தான் முடியும்.

எக்செலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். துரை திடீரென்று வந்து, "7ஆம் நம்பரில் பேருக்கு எத்தனை கிலோ விழுது, போன ரவுண்டைவிடக் கூடவா குறையவா?" என்று கேட்டால் நீளமான கணக்கை வேண்டியபடி தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையைப் போல வேகமாகப் பதில் சொல்ல வேறு எதுவும் இல்லை. சம்பளம் இவ்வளவு கூடினால் மாதச் செலவு என்ன ஆகும் என்று எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கும் அதுதான். பிரிக்லினின் கரும்பலகை அதற்காகவே செய்யப்பட்டது.

அதே சம்பளத்தைக் கணக்கில் எங்கே வைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவுமாக ஆயிரம் ஆனது. 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. சூத்திரங்களுக்குள்ளேயே ஆயிரம் என்று எழுதி வைத்திருந்தவர்கள் அந்த மாதம் ஒவ்வொரு கட்டமாகத் தேடித் திருத்தினார்கள். சிலர் எல்லா ஆயிரத்தையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லி, தீபாவளி அட்வான்ஸ் ஆயிரத்தையும் 1,350 ஆக்கினார்கள். திருத்திய தாளில் பழைய மாதத்தைத் திறந்தால் பழைய சம்பளமும் மாறிப்போயிருக்கும். தரவுத்தளத்தில் வீதங்களுக்கென்று ஒரு சின்ன அட்டவணை போதும்: எந்தத் திகதியிலிருந்து, எவ்வளவு. இரண்டே நிரல். ஒவ்வொரு நாள் வேலைக்கும் அந்த நாளில் அமுலில் இருந்த வீதத்தை அது தேடி எடுத்துக்கொள்ளும். மாத நடுவில் வர்த்தமானி வந்தாலும், நிலுவைச் சம்பளம் கொடுக்க வேண்டி வந்தாலும் ஒரு வரியைச் சேர்த்தால் முடிந்தது. சேமலாப நிதிக்கு ஆளிடம் 8 வீதம், கம்பனியிடம் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனியிடம் 3 வீதம், சங்கச் சந்தா, கோயில் காசு, மரண சகாய நிதி எல்லாவற்றையும் இதே மாதிரி திகதி போட்டு வைக்கலாம்.

மலையகத்தில் கரண்டைப் பற்றிப் பேசாமல் கொம்பியூட்டரைப் பற்றிப் பேச முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மற்ற நாட்களிலும் காற்றடித்து ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும். எக்செலில் கடைசியாகச் சேமித்த பிறகு அடித்தது போனது போனதுதான், தானாக மீட்டுத் தருவது கிடைத்தால் அதிர்ஷ்டம். அக்செஸ் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குப் போகும்போதே முந்தினதை எழுதி வைத்துவிடும். போவது கையில் இருந்த அந்த ஒரு வரி மட்டும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் அதே நொடியில் கரண்ட் போனால் அக்செஸ் கோப்பும் பழுதாகலாம். அதற்குச் சுருக்கிப் பழுதுபார்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனாலும் யுபிஎஸ் வாங்காமல் இருக்க அது காரணமாகாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வதிலும் வித்தியாசம் உண்டு. பொதுக் கோப்புறையில் கிடக்கும் எக்செலை ஒருவர் திறந்திருந்தால் மற்றவருக்குப் பார்க்கத்தான் கிடைக்கும். அவர் பொறுமை இழந்து ஒரு பிரதி எடுப்பார், பெயருக்குப் பின்னால் "புதியது" என்று போடுவார், அடுத்த நாள் "புதியது 2" பிறக்கும். அக்செஸில் ஐந்தாறு பேர் தாராளமாகச் சேர்ந்து எழுதலாம். அட்டவணைகள் இருக்கும் கோப்பை ஒரு கணினியில் வைத்து, படிவங்கள் இருக்கும் கோப்பை ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். வயர் போட்டு இணைப்பது நல்லது. விட்டுவிட்டு வரும் வைஃபையில் அக்செஸ் கோப்பு சீக்கிரம் கெடும். இணையத்தோடு ஒத்திசைக்கும் கோப்புறையில் உயிருள்ள அக்செஸ் கோப்பைப் போடவே கூடாது. பின்னேரம் மூடிய பிறகு ஒரு பிரதியை அனுப்பி வைக்கலாம்.

தமிழ் விஷயத்தில் ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. பல ஆபீஸ்களில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அகர வரிசை கேட்டால் ஆங்கில வரிசையில் அடுக்கும், யூனிகோட்டில் தேடினால் ஒன்றும் அகப்படாது. தரவுத்தளத்துக்குள் ஏற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றிவிட வேண்டும், பாதி மாற்றி வைப்பதைப் போல மோசமானது வேறில்லை. மாற்றிய பிறகு சி.எஸ்.வி. என்ற வெறும் எழுத்துக் கோப்பாகக் கொண்டுபோகும்போது யூ.டி.எப்.-8 வகையைத் தெரிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் கொக்கிகளாகவும் மாறும். புரோகிராம் எழுதும் வி.பி.ஏ. ஜன்னல் இன்றைக்கும் தமிழைக் காட்டாது. அதனால் அட்டவணைகளுக்கும் நிரல்களுக்கும் நான் ஆங்கிலப் பெயரே வைக்கிறேன். தமிழ் உள்ளே இருக்கும் தரவுக்கும் படிவத்தின் தலைப்புகளுக்கும் மட்டும்.

கடைசியாக, எனக்கு மாதம் ஒருமுறையாவது தொலைபேசி வருவது ஒரே ஒரு காரணத்துக்காக: ரிஃப்ரெஷ் வேலை செய்யவில்லை. பத்தில் எட்டுத் தடவை யாரோ அக்செஸ் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தியிருப்பார்கள், அல்லது பெயரை மாற்றியிருப்பார்கள். எக்செல் பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஆபீஸில் அந்தக் கோப்புறையின் பெயரையே "நகர்த்தாதே" என்று வைத்தேன். ஆறு மாதமாக அங்கிருந்து தொலைபேசி வரவில்லை.